வடிகட்டிகளின் கதை: கொட்டகலையிலிருந்து ஒரு கேள்வி

கொட்டகலையில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அண்மையில் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். கனடாவிலுள்ள அவருடைய மகன், வீட்டு ஒலிக்கருவியோடு இணைக்கும் டிஜிட்டல் ஒலிமாற்றி ஒன்றை அனுப்பிவைத்திருக்கிறாராம். கணினியிலும் இறுவட்டிலும் எண்களாக உறங்கும் ஒலியை, ஒலிபெருக்கிக்குரிய மின்னலையாக மாற்றித் தருவது அதன் பணி. இளைஞர்கள் அதைச் சுருக்கமாக 'டாக்' என்பார்கள். அந்தப் பெட்டியில் 'வடிகட்டி' என்ற தலைப்பின் கீழ் ஏழு தெரிவுகள் இருக்கின்றன. ஏழையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தும் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. பழுது தன் காதிலா பெட்டியிலா, பழைய பாடல்களுக்கு எது உகந்தது என்று கேட்டிருந்தார். அலுமாரியில் தம் தாயாரின் குரல் பதிந்த பழைய ஒலிநாடாக்கள் இருப்பதையும், அவற்றைக் கணினியில் ஏற்ற எண்ணியிருப்பதையும் கடிதத்தின் கடைசி வரியில், போகிற போக்கில் சொல்லியிருந்தார்.

நான் பொறியியலாளன் அல்லன். செய்தித்தாள் மேசையில் தலை நரைத்தவன். ஆயினும் வடிகட்டுதல் என்பது எங்கள் தொழிலின் பாதி. தோட்டப்புறத்து நிருபர் இரண்டு பக்கங்களில் எழுதி அனுப்பும் செய்தி, அச்சேறும்போது நான்கு வரிகளாகிவிடுவதை நெடுங்காலம் பார்த்திருக்கிறேன். மிஞ்சிய நான்கு வரிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும், வெட்டுண்டு குப்பைக் கூடைக்குப் போனதை எவரும் மீட்டெடுக்க முடியாது. ஆகவே எந்த வடிகட்டியைப் பற்றிக் கேட்டாலும், அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். ஆசிரியரின் ஏழு தெரிவுகளுக்கும் அதுவே பொருந்தும்.

*

கொட்டகலைக்காரரிடம் வடிகட்டியைப் பற்றி விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றது. தேயிலைத் தொழிற்சாலையில், அரைத்துப் புளிக்கவைத்து உலர்த்திய தூளைச் சல்லடைகள் பீ.ஓ.பி., பீ.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று தரம் பிரிக்கின்றன. பிரித்த பின் ஒவ்வொன்றும் தனித்தனி மூட்டையில் கப்பலேறுகிறது. வீட்டில் தேநீர் ஊற்றும்போது இன்னொரு வடிகட்டி வருகிறது. இன்று பித்தளை வடிகட்டி, நாளை துணி வடிகட்டி என்று மாற்றிக்கொள்ளலாம். தூளுக்கு ஒன்றும் நேராது. ஒலியிலும் இவ்வாறே இரண்டு இடங்களில் வடிகட்டிகள் உள்ளன. ஒலியை எண்களாகப் பதியும்போது நிற்பது தொழிற்சாலைச் சல்லடை. எண்களை மீண்டும் ஒலியாக்கும்போது நிற்பது கோப்பை வடிகட்டி. ஆசிரியரின் பெட்டியில் இருக்கும் ஏழும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

இவை ஏன் தேவைப்பட்டன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ஓர் அலையைச் சீரான இடைவெளியில் அளந்து, அந்த அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டே முழு அலையையும் திரும்ப வரைய முடியும் என்ற கணித உண்மை, ஒருவர் கண்டுபிடித்தது அன்று. இங்கிலாந்தின் விட்டேக்கர் 1915இலும், அமெரிக்காவின் நைக்விஸ்ட் 1928இலும், ரஷ்யாவின் கொத்தெல்னிகோவ் 1933இலும், பின்னர் ஷனன் 1949இலும் அதன் பல பக்கங்களை எழுதினர். நிபந்தனை ஒன்றுதான்: அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட தடவைகள் ஒவ்வொரு செக்கனும் அளக்க வேண்டும்.

மனிதச் செவி இளமையில் ஏறத்தாழ 20 கிலோஹேர்ட்ஸ் வரை கேட்கும். ஆகவே செக்கனுக்கு 40,000 அளவுகளுக்குச் சற்று மேல் போதும். இறுவட்டுக்கு 44,100 என்ற எண் வந்ததற்குக் காரணம் செவியன்று, தொலைக்காட்சி! அக்காலத்தில் டிஜிட்டல் ஒலியைச் சேமிக்க வீடியோ நாடாவே வசதியாக இருந்தது. செக்கனுக்கு 60 புலங்கள், புலத்துக்கு 245 கோடுகள், கோட்டுக்கு 3 அளவுகள் என்று பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 50, 294, 3 என்று பெருக்கினாலும் அதே 44,100. இரு முறைகளுக்கும் பொருந்திய அந்த எண்ணே நிலைத்துவிட்டது.

இப்போது வடிகட்டிக்கு வருவோம். எண்களை ஒலியாக்கும்போது, உண்மையான ஒலியோடு அதன் நிழல்களும் கூடவே பிறக்கின்றன. 20 கிலோஹேர்ட்ஸ் ஒலிக்கு 24.1 கிலோஹேர்ட்ஸில் ஒரு நிழல் தோன்றும். ஒலியை விட்டு நிழலை மட்டும் நீக்க வேண்டுமானால், 20க்கும் 24க்கும் இடைப்பட்ட குறுகிய வெளியில் வடிகட்டி செங்குத்தாக இறங்க வேண்டும். ஹோட்டன் சமவெளியில் 'உலக முடிவு' என்ற பள்ளத்தின் விளிம்பில் நின்றவர்களுக்கு அந்த இறக்கம் எப்படிப்பட்டது என்று தெரியும்.

1982 ஒக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சோனியின் முதல் இறுவட்டுக் கருவி, இந்தச் செங்குத்து வேலையை மின்சுற்றுகளிடம் ஒப்படைத்தது. ஒல்லாந்தின் ஃபிலிப்ஸ் வேறு வழி சென்றது. அதன் மாற்றிச் சில்லு 14 பிட்தான். ஆனால் அளவுகளை நான்கு மடங்காக்கி, செக்கனுக்கு 176,400 என்று பெருக்கி, வடிகட்டும் வேலையை எண்களிலேயே கணக்கிட்டு முடித்தது. இன்றைய டிஜிட்டல் வடிகட்டி வீடுகளுக்குள் நுழைந்தது இவ்வழியில்தான்.

கணக்காகிவிட்ட பின் வடிகட்டியைப் பல விதமாக எழுதலாம். 'ஃபாஸ்ட்' என்பது உலக முடிவைப் போன்ற இறக்கம். 'ஸ்லோ' என்பது தேயிலை மலையைப் போன்ற சரிவு. சரிவு மென்மையாயின் உச்ச ஒலிகள் சற்றுக் குறையும், நிழல்களும் சிறிது உள்ளே வரும். செங்குத்தாயின் இன்னொரு விளைவு உண்டு. தப்பில் குச்சி விழும் கணம் போன்ற திடீர் ஒலியைச் சுற்றி, நுண்ணிய சிற்றலை ஒன்று எழும். 'லீனியர் ஃபேஸ்' வகையில் அது அடிக்கு முன்னும் பின்னும் சரிசமமாக நிற்கும். 'மினிமம் ஃபேஸ்' வகையில் எல்லாம் அடிக்குப் பின்னரே வரும். இயற்கையில் எந்தத் தப்பும் அடிப்பதற்கு முன் அதிராது என்பதால், பின்னது செவிக்கு இயல்பானது என்று வாதிடுவோர் உண்டு. பீற்றர் கிரேவன் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் 2004இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் இந்த விவாதம் சூடுபிடித்தது. ஈ.எஸ்.எஸ். நிறுவனத்தின் உயர்நிலைச் சில்லு ஒன்றில் ஏழு வடிகட்டிகள் வரிசையாக வந்தது இத்தகைய விவாதங்களின் விளைச்சலே.

ஆனால் அந்தச் சிற்றலை அதிர்வது எங்கே? இறுவட்டு ஒலியில் ஏறத்தாழ 22 கிலோஹேர்ட்ஸில். அறுபதைத் தாண்டிய செவிகளுள் பெரும்பாலானவை 12 கிலோஹேர்ட்ஸைத் தொடவே திணறும். ஆசிரியருக்கு வேறுபாடு தெரியாததில் வியப்பில்லை. பெட்டியில் பழுதில்லை, காது தன் வயதுக்குரிய நேர்மையோடு பதில் சொல்லியிருக்கிறது.

*

பழைய பாடல்கள் என்று அவர் சொன்னாரே, அவற்றின் கதை இன்னும் சுவையானது. மலையகத்தில் அந்தப் பாடல்களை ஒரு தலைமுறைக்குக் கொண்டு சேர்த்தது இலங்கை வானொலி. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியப் படையினருக்காக நிறுவப்பட்ட வலிமைமிக்க சிற்றலை ஒலிபரப்பி, போருக்குப் பின் இலங்கை அரசிடம் வந்தது. 1949இல் 'ரேடியோ சிலோன்' என்ற பெயரும், 1950இல் வர்த்தக சேவையும் பிறந்தன. 1952இல் அகில இந்திய வானொலி, அமைச்சர் பி.வி. கேஸ்கரின் காலத்தில், திரையிசைக்குக் கதவைச் சாத்தியது. அதுவும் ஒரு வடிகட்டியே. செவ்வியல் மட்டும் உள்ளே, சினிமா வெளியே. 1957 ஒக்டோபரில் விவித் பாரதி தொடங்கும் வரை, கடல் கடந்த நேயர்கள் கொழும்பை நோக்கித் திரும்பியதற்கு அது முக்கிய காரணம். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களைத் தமிழகத்திலும் மலையகத்திலும் ஒருசேரக் கேட்ட காலம் ஒன்று இருந்தது.

அந்தக் குரல்கள் லயன் காம்பிராவுக்குள் வந்து சேர்ந்தபோது எவ்வளவு அகலம் இருந்தது? மத்திய அலை நிலையங்களுக்கு இடையே ஒதுக்கப்பட்ட இடைவெளி 9 கிலோஹேர்ட்ஸ். சிற்றலையிலோ இன்னும் நெருக்கம். இதனால் கேட்கத் தக்க ஒலி நாலரை, ஐந்து கிலோஹேர்ட்ஸோடு நின்றுவிடும். பற்றரியில் இயங்கிய சின்னஞ்சிறு வானொலிப் பெட்டியைத் திறந்தவர்கள், உள்ளே சதுரமான குட்டித் தகர டப்பாக்களையும் அவற்றின் தலையில் நிறம் பூசிய திருகாணிகளையும் கண்டிருப்பார்கள். 455 கிலோஹேர்ட்ஸுக்குத் திருகிவைக்கப்பட்ட அவையும் வடிகட்டிகளே. ஆசிரியரின் பெட்டியில் உள்ள ஏழுக்கும் முன்னரே மலையகம் அறிந்த வடிகட்டி அது. வீட்டுக்கு வீடு மூன்று இருந்தது. பெயர்தான் எவருக்கும் தெரியாது.

வானொலிக்கு முந்திய கட்டத்திலும் சல்லடை உண்டு. 1950, 60களின் திரைப்பாடல்கள் படச்சுருளின் ஓரத்தில் ஒளிக்கோடுகளாகப் பதியப்பட்டன. திரையரங்குகள் அந்த ஒளிப்பதிவின் இரைச்சலை மறைப்பதற்காக உச்ச ஒலிகளை வேண்டுமென்றே தணித்தன. இசைத்தட்டிலோ ஊசியின் தேய்மானம் வேறு. அத்தகைய பாடல்களை இன்று இறுவட்டிலோ கணினியிலோ கேட்கும்போது, பத்து கிலோஹேர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் இரைச்சலே மிஞ்சியிருக்கும். 22 கிலோஹேர்ட்ஸில் எந்த வடிகட்டி நின்றால் என்ன? ஆளில்லாத ஊரின் எல்லையில் காவல் நிற்பது போலத்தான்.

ஆகவே முதற்கேள்விக்கு விடை சுருக்கமானது. 'ஃபாஸ்ட், லீனியர் ஃபேஸ்' என்ற வழக்கமான தெரிவிலேயே பெட்டியை விட்டுவிடலாம். அண்மைக் காலத்தில் அருகிலிருந்து பதிவு செய்த தப்பு, பறை, உறுமி போன்றவை கையில் இருந்தால், 'மினிமம் ஃபேஸ்' தெரிவைப் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பதில் தவறில்லை. எது ஓடுகிறது என்று தெரியாதபடி பேரப்பிள்ளையைக் கொண்டு மாற்றச் சொல்லி, ஒலியளவைச் சமமாக வைத்துக் கேட்க வேண்டும். வடிகட்டியே இல்லாத தெரிவு சில பெட்டிகளில் உண்டு. அதில் 20 கிலோஹேர்ட்ஸ் அருகே மூன்று டெசிபெல் அளவு ஒலி தேய்ந்துவிடும். அந்த மென்மையை விரும்புவோரும் இருக்கிறார்கள். எதைத் தெரிவு செய்தாலும் நாளை மாற்றிக்கொள்ளலாம். கோப்பை வடிகட்டியால் தூளுக்குக் கேடில்லை.

*

கடிதத்தின் கடைசி வரி அப்படிப்பட்டதன்று.

மலையகத்தின் சொந்த ஒலிகள் பல, நேயர் விருப்பத்தின் சல்லடையைத் தாண்டவில்லை. விடியுமுன் தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு அழைத்த தப்பு. மாசி மாதத்தில் மன்மதனை எரித்து எழுப்பும் காமன் கூத்தின் தப்பு. கொழுந்து மலையில் கங்காணியை நையாண்டி செய்த பாட்டு. பிள்ளைக் காம்பிராவின் தாலாட்டு. சாவு வீட்டின் ஒப்பாரி. இவை வாயிலிருந்து செவிக்குச் சென்று, செவியிலிருந்து மறதிக்குப் போய்க்கொண்டிருந்தன.

1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். மக்களையே தரம் பிரித்து மூட்டை கட்டிய சல்லடை அது. ஒரே லயனில் அண்ணன் ஒரு பட்டியலில், தம்பி மறு பட்டியலில். மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்ட புகைவண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. ஒரு வண்டிக்கு அதன் ஒலியால் பெயர் வைத்த கதை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

வட்டகொடை மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த சி.வி. வேலுப்பிள்ளை, இந்தப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலாயிற்று. மறு ஆண்டு அவர் மறைந்தார். அவர் இல்லையேல் சொற்களும் போயிருக்கும். ஆனால் பேனாவும் ஒரு வடிகட்டி. சொல்லை அது பிடித்துக்கொள்ளும். இழுவையையும், விம்மலில் அறுந்த மூச்சையும், கூட இருந்தவர்கள் கொட்டிய 'ம்' என்ற ஒலியையும் கீழே விட்டுவிடும்.

இந்த இடத்தில்தான் ஒலிநாடாவின் பெருமை தெரிகிறது. ஃபிலிப்ஸ் 1963இல் அறிமுகம் செய்த கையடக்க நாடா, 70களின் பிற்பகுதியிலிருந்து எளியவர் வீடுகளுக்கும் வரத் தொடங்கியது. நீலகிரிக்குப் போனவர்களுக்கும், வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்களுக்கும் குரலையே கடிதமாக அனுப்பிய குடும்பங்களை நான் அறிவேன். பாட்டியை நடுவில் உட்காரவைத்து, ஒரு தாலாட்டும் ஒரு ஒப்பாரியும் பாடச் சொல்லி, சிவப்புப் பொத்தானை அழுத்தியிருப்பார்கள். எந்த ஆசிரியபீடமும் வெட்டாத, எந்த நிலையமும் தெரிவு செய்யாத பதிவுகள் அவை.

அந்த நாடாவைக் கணினிக்கு மாற்றும்போது நிற்பது தொழிற்சாலைச் சல்லடை. அங்கே நேரும் தவறு நிலைத்துவிடும். ஆகவே ஏழு தெரிவுகளில் செலவிடும் கவனத்தை இங்கே செலுத்த வேண்டுகிறேன். ஒலியை எண்ணாக்கும் கருவி வேறு. எண்ணை ஒலியாக்கும் டாக் பெட்டி மட்டும் இருந்தால் போதாது. பன்னாட்டு ஒலி ஆவணக் காப்பகச் சங்கம் 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸைக் குறைந்தபட்ச அளவாக வகுத்திருக்கிறது. பல காப்பகங்கள் 96 கிலோஹேர்ட்ஸைக் கைக்கொள்கின்றன. பாட்டியின் குரல் அவ்வளவு உயரம் போகும் என்பதற்காக அன்று. எல்லை தொலைவில் இருந்தால் பதிவு வடிகட்டி அவசரமாக வெட்ட வேண்டியதில்லை என்பதற்காக.

எண்ணாக்குவதற்கு முன் நாடாவையே கவனிக்க வேண்டும். நாடாவைத் தொடும் தலைப்பகுதி மயிரிழை சாய்ந்திருந்தாலும் உச்ச ஒலிகள் மங்கிவிடும். அதனருகே உள்ள சிறு திருகாணியை மெல்லத் திருப்பி, குரல் மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். எந்தக் கணினி வடிகட்டியும் பின்னர் தர முடியாததை அந்தத் திருகாணி தரும்.

அடுத்தது, இரைச்சல் நீக்கும் மென்பொருள். இதைக் குறித்துத்தான் எனக்கு அச்சம். லயன் வீட்டில் பதிந்த நாடாவில், தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருக்கும். மென்பொருளுக்கு மழை இரைச்சல், அதைத் துடைத்துவிடும். பக்கத்துக் காம்பிராவில் அழும் குழந்தையையும், தூரத்துக் கோச்சியின் ஊதலையும் குறை என்றே அது எண்ணும். கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையே மலையைச் சுற்றி ஏறும் வண்டியின் ஓசை, அந்தப் பதிவு எந்த ஊரில் நிகழ்ந்தது என்பதற்குச் சாட்சி. ஒற்றைச் சுவருக்கு அப்பால் கேட்கும் அழுகை, அந்த வீடு எப்படிப்பட்டது என்பதற்குச் சாட்சி.

மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் முனகல்கூட வீணன்று. பதியும்போது பற்றரி தளர்ந்திருந்தால் நாடா மெதுவாக ஓடியிருக்கும். இன்று சரியான வேகத்தில் போட்டால் கிழவியின் குரல் சிறுமியின் குரலாக ஒலிக்கும். கோவில் திருவிழாவிலோ பள்ளி மண்டபத்திலோ மின்சாரத்தில் பதிந்த நாடாவாயின், அந்த முனகல் 50 ஹேர்ட்ஸில் நிற்கிறதா என்று பார்த்தே வேகத்தைச் சரிபார்க்கலாம். முனகலை முதலில் நீக்கிவிட்டால் அளவுகோலும் கூடவே போய்விடும். எனவே எதையும் தொடாத மூலப்படி ஒன்றைத் தனியாக வைத்துவிட்டு, அதன் நகலில் மட்டும் விரும்பிய திருத்தங்களைச் செய்யுங்கள். மூலப்படிக்கு மூன்று பிரதிகள், அவற்றுள் ஒன்று வேறு ஊரில். ஒவ்வொன்றோடும் பாடியவர் பெயர், தோட்டம், டிவிசன், ஆண்டு, பாடிய சந்தர்ப்பம் ஆகியவற்றை எழுதிவையுங்கள். பெயரில்லாத குரல் அடுத்த தலைமுறைக்கு யாரோ ஒருத்தியின் குரலாகிவிடும்.

யுனெஸ்கோவும் மேற்சொன்ன சங்கமும் 2019இல் உலகெங்கும் ஓர் எச்சரிக்கை விடுத்தன. நாடாக்கள் சிதைவதோடு, அவற்றை ஓட்டும் கருவிகளும் உதிரிப்பாகங்களும் மறைந்து வருகின்றன. 2025 அளவில் மாற்றப்படாதவற்றுள் பலவற்றை இழக்க நேரிடும் என்பது காப்பகத்தாரின் பொதுக் கருத்தாக அன்று இருந்தது. அந்த ஆண்டும் வந்துவிட்டது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து 'மலையகம் 200' என்று இரு நூற்றாண்டு வருகையை நினைவுகூர்ந்தோம். அந்த இரு நூறு ஆண்டுகளில், தங்கள் குரலைத் தாங்களே பதிந்துவைக்கும் வாய்ப்பு தோட்ட மக்களுக்குக் கிட்டியது கடைசி ஐம்பதில் மட்டுமே. அதன் பெரும்பகுதி இன்று இரும்புப் பெட்டிகளிலும் அலுமாரி மூலைகளிலும் பூஞ்சணம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இதைப் படிக்கும் அன்பர்களே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நாடா இருக்கக் கூடும். ஓடும் நிலையில் உள்ள கருவி ஒன்றை இரவல் வாங்கியேனும், இந்த வாரத்திலேயே ஒன்றை மாற்றத் தொடங்குங்கள். மழையை அழித்துவிடாதீர்கள்.